பழைய அமெரிக்கக் கார் வியாபாரம்: அத்தாட்சிக்கே விலை

அரிசி, பருப்பு, எண்ணெய் வியாபாரத்தில் ஒரு சௌகரியம் உண்டு. இன்றைய மார்க்கெட் விலை காலையிலேயே தெரிந்துவிடும். சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்தால் ரகமும் தெரிந்துவிடும். இந்த இரண்டுமே சுலபத்தில் தெரியாத ஒரு வியாபாரம் எப்படி நடக்கிறது, அதில் இருப்பவர்கள் எங்கே சம்பாதிக்கிறார்கள், எங்கே முதலைத் தொலைக்கிறார்கள் என்று பார்ப்பது, எந்தச் சரக்கை விற்பவர்க்கும் பயன் தரும். அமெரிக்காவில் பழைய 'மஸில் கார்'களைப் புதுப்பித்து வாங்கி விற்கும் தொழில் அப்படிப்பட்டது. அதையே இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வோம்.

சரக்கு எது?

'மஸில் கார்' என்றால் புஜபலக் கார் என்று சொல்லலாம். நடுத்தர அளவுள்ள சாதாரணக் குடும்பக் காரில், பெரிய காருக்குரிய பலமான எஞ்சினைப் பூட்டி, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார்கள். 1964-ம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இந்த வரிசைக்கு வழிகாட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அது வந்த விதமே ஒரு வியாபாரக் கதை. போன்டியாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ், நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. போன்டியாக் எஞ்சினீயர்கள் 389 கன அங்குல எஞ்சினை, அதாவது சுமார் 6,400 சி.சி. எஞ்சினை, தனி மாடலாக அறிவிக்காமல், வாடிக்கையாளர் கேட்டால் சேர்த்துத் தரும் கூடுதல் வசதியாக விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்குக் கூடுதல் விலை சுமார் 295 டாலர். 5,000 கார் போகும் என்று விற்பனைப் பிரிவு கணக்குப் போட்டது. முதல் வருடமே 32,450 போயிற்று. (நமது அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சி.சி. என்பதை நினைத்துப் பார்த்தால் அளவு புரியும்.)

பிறகு ஷெவர்லே, ஃபோர்டு, பிளிமத், டாட்ஜ் எல்லோரும் இதே வழியில் இறங்கினார்கள். 1970-ல் ஷெவர்லே ஷெவெல் காரில் 454 கன அங்குல எஞ்சின் 450 குதிரை சக்தி என்று அறிவிக்கப்பட்டது. அதுவே உச்சம். இளைஞர்களின் காருக்கு இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஏறியது. 1970-ம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோலைக் குடிக்கும் இந்தக் கார்கள் அடிமாட்டு விலைக்குப் போயின. பல துருப்பிடித்து உடைசலுக்குப் போயின.

மிஞ்சியவையே இன்றைய சரக்கு. புதிய வரத்து இல்லை. இருக்கும் இருப்புக்குள்ளேதான் கொடுக்கல் வாங்கல்.

விலை எங்கே இருக்கிறது?

புதியவர்கள் நினைப்பது இது: பளபளவென்று பெயிண்ட் அடித்து, குரோமியம் பூசி, எஞ்சின் உறுமினால் நல்ல விலை கிடைக்கும். அனுபவப்பட்டவர்கள் காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைக் கேட்கிறார்கள். இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. உயர்ந்த ரகமும் சாதாரண ரகமும் ஒரே பாடிதான். ஷெவெல் மாலிபு என்ற சாதாரணக் காரையும், எஸ்.எஸ். என்ற உயர்ந்த காரையும் பிரித்துக் காட்டுவது எஞ்சின், பானட், சில எழுத்துச் சின்னங்கள், சில உறுப்புகள். இவை அனைத்தும் இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. 1967 மஸ்டாங், 1969 கமாரோ போன்றவற்றுக்கு முழுப் பாடியே புதிதாகக் கிடைக்கிறது. சாதாரணக் காரை வாங்கி உயர்ந்த ரகமாக மாற்ற ஒரு நல்ல பட்டறையால் முடியும். கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. விலையிலோ பெரிய இடைவெளி.

தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் இன்னும் அந்தக் காரிலேயே இருந்தால் அதை 'நம்பர் ஒத்த கார்' என்பார்கள். பொதுவாக 1968 முதல் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதி எஞ்சினிலும் முத்திரையாக அடிக்கப்பட்டது. இரண்டும் ஒத்துப் போனால் ஒரு விலை, போகாவிட்டால் வேறு விலை.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அத்தாட்சி

எல்லாக் காருக்கும் ஒரே சோதனை செல்லாது. மிளகுக்குப் பார்ப்பதை மல்லிக்குப் பார்ப்பதில்லையல்லவா? அதுபோல:

1. போன்டியாக்: 1964, 1965 மாடல்களில் ஜி.டி.ஓ. என்பது கூடுதல் வசதி மட்டுமே. ஆகவே அடையாள எண்ணைப் பார்த்து ஜி.டி.ஓ.வா என்று சொல்ல முடியாது. 1966-ல் தனி மாடலானபின் எண் 242 என்று தொடங்கும். போன்டியாக் கார்களின் பழைய தொழிற்சாலைப் பதிவேட்டின் நகலைக் கட்டணத்துக்குத் தரும் நிலையமும் உண்டு.

2. ஷெவர்லே: 1966 முதல் 1968 வரை ஷெவெல் எஸ்.எஸ். காரின் எண் 138 என்று தொடங்கும். 1969 முதல் எஸ்.எஸ். கூடுதல் வசதியாகிவிட்டது, எண்ணில் தெரியாது. 1967-69 கமாரோ இசட்-28 காரும் எண்ணில் தெரியாது. தொழிற்சாலையில் காரோடு ஓட்டிய தயாரிப்புத் தாள், முதல் விற்பனை பில் போன்றவை இருந்தால்தான் உறுதி.

3. பிளிமத், டாட்ஜ்: அடையாள எண்ணின் ஐந்தாவது இடத்தில் உள்ள எழுத்தே எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971-ல் அது 'ஆர்' என்றால் 426 ஹெமி எஞ்சின். எஞ்சின் அறையில் ஒரு தகட்டிலும் குறியீடுகள் இருக்கும். தயாரிப்புத் தாள் பெரும்பாலும் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்கு இடையே கிடைக்கும்.

4. ஃபோர்டு: 1967 முதலான தயாரிப்புப் பதிவேடுகளைக் கொண்டு அரிசோனாவில் உள்ள மார்ட்டி என்ற நிறுவனம் அறிக்கை தருகிறது. எந்த நிறம், எந்த எஞ்சின், என்றைக்குத் தயாரானது என்று அதில் இருக்கும்.

அத்தாட்சியிலும் போலி உண்டு என்பதை மறக்கக்கூடாது. தயாரிப்புத் தாளை அச்சடிக்கிறார்கள், தகட்டைப் புதிதாக அடிக்கிறார்கள். எஞ்சினில் பழைய எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டுப் புது எண் அடிப்பவர்களும் உண்டு. ஷெவர்லே எஞ்சினில் எண் அடிக்கும் இடத்தில், தொழிற்சாலை எந்திரம் சீவிய மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். அந்த இடம் வழவழப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். எஞ்சினை வார்த்த தேதியும் அதன்மேல் இருக்கும். அது கார் தயாரான தேதிக்கு முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் அது வேறு காரின் எஞ்சின்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

காகிதம் சரியாக இருந்தபின் காரைப் பார்க்கலாம்.

முதல் எதிரி துரு. தரைத்தகடு, டிக்கியின் அடி, பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு, மஸ்டாங் என்றால் கண்ணாடிக்குக் கீழே காற்று புகும் அறை, இவை முக்கியம். துருவை அறுத்தெடுத்து ஒட்டுப் போடாமல் பட்டியைப் பூசி மேலே பெயிண்ட் அடித்திருப்பார்கள். துணி சுற்றிய சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரும்பில் ஒட்டும், கனமான பட்டியில் ஒட்டாது.

இரண்டாவது ஓடிய தூரம். அந்தக் காலத்து மீட்டரில் ஐந்து இலக்கம்தான். 99,999 மைல் தாண்டினால் மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். 23,000 என்று காட்டுவது 1,23,000 ஆகவும் இருக்கலாம். சர்வீஸ் பில்கள் இருந்தால்தான் மீட்டரை நம்பலாம்.

மூன்றாவது உரிமைப் பத்திரம். நமது ஆர்.சி. புத்தகம் போல அங்கே 'டைட்டில்' என்ற பத்திரம் உண்டு. அதில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒன்றா, கார்மேல் கடன் பாக்கி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கைமாற வேண்டும்.

நான்காவது, புதுப்பித்த வேலையின் சாட்சி. காரைக் கழற்றிப் போட்டபோது எடுத்த போட்டோக்கள், வாங்கிய உறுப்புகளின் பில்கள், பட்டறையின் கணக்கு. உண்மையாக வேலை செய்தவரிடம் இவை பெரும்பாலும் இருக்கும். இல்லாதவரிடம் கதைதான் இருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. இரண்டு வியாபாரிகள், சாதாரண ரகத்தில் ஒரே மாதிரியான கார். நன்கு புதுப்பித்த நிலையில் மார்க்கெட் விலை 80,000 டாலர் என்று கொள்வோம்.

முதல் வியாபாரி துருப்பிடித்த காரை 25,000-க்கு வாங்குகிறார். பாடியை முழுக்கக் கழற்றிப் புதுப்பிக்க 1,000 மணி நேர வேலை, மணிக்கு 100 டாலர் என்றால் கூலி 1,00,000. உறுப்பு, பெயிண்ட், குரோமியம் 30,000. லாரிச் செலவு 2,000. இரண்டு வருட வாடகை, இன்ஷூரன்ஸ், வட்டி 8,000. அடக்கம் 1,65,000. விற்பது 80,000. நஷ்டம் 85,000.

இரண்டாம் வியாபாரி, யாரோ ஒரு பிரியர் ஆசைப்பட்டுச் செலவு செய்து புதுப்பித்த காரை 62,000-க்கு வாங்குகிறார். பரிசோதனைக் கூலி 1,000, சில்லறை வேலை 3,000, லாரி 2,000, ஆறு மாத வட்டி வாடகை 2,000. அடக்கம் 70,000. ஏலத்தில் 80,000-க்குப் போகிறது. விற்பவர் கமிஷன் 8 சதவிகிதம் 6,400, நுழைவுக் கட்டணம் 600. கைக்கு வருவது 73,000. லாபம் 3,000.

இதே கணக்கில் அவர் 67,000-க்கு வாங்கியிருந்தால் 2,000 நஷ்டம். 57,000-க்கு வாங்கியிருந்தால் 8,000 லாபம். விற்ற விலை மாறவே இல்லை. லாபமும் நஷ்டமும் வாங்கிய அன்றே முடிவாகிவிட்டன.

அப்படியானால் புதுப்பிப்பது எப்போது கட்டுப்படியாகும்? அரிய ரகமாக, அத்தாட்சி உள்ளதாக இருக்கும்போதுதான். பருத்தித் துணியானாலும் பட்டுத் துணியானாலும் தையல் கூலி ஏறக்குறைய ஒன்றே. அதுபோல சாதாரணக் காருக்கும் அரிய காருக்கும் பட்டறைக் கூலி ஏறக்குறைய ஒன்றே. விலை மட்டும் வேறு. பிளிமத் பாரக்குடாவில் ஹெமி எஞ்சினுக்கு 1970-ல் கூடுதல் விலை சுமார் 870 டாலர். அந்த விலைக்கும் இன்ஷூரன்ஸுக்கும் பயந்து பலர் வாங்கவில்லை. மேல்மூடி மடக்கும் ஹெமி கார் 1970-ல் 14, 1971-ல் பத்துப் பன்னிரண்டு மட்டுமே தயாராயின. அன்று விலை போகாத அந்த 1971 ரகத்தில் ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குக் கேட்கப்பட்டது.

புதுப்பிக்காமலே விலை போன கார்

எல்லாவற்றையும் புதுப்பிக்க வேண்டும் என்றும் இல்லை. 1968-ல் வெளியான 'புல்லிட்' படத்தில் நடிகர் ஸ்டீவ் மக்குவீன் ஓட்டிய மஸ்டாங் காரை, 1974-ல் ஒரு குடும்பம் விளம்பரம் பார்த்து 6,000 டாலருக்கு வாங்கியது. சில காலம் வீட்டுக் காராகவே ஓட்டினார்கள். 1977-ல் மக்குவீனே அதைத் திரும்ப வாங்கக் கேட்டுக் கடிதம் எழுதினார். அவர்கள் கொடுக்கவில்லை. கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் கிஸிம்மி ஏலத்துக்கு வந்தபோது, மங்கிய பெயிண்ட்டோடும் துருவோடும் அப்படியே வந்தது. கேட்ட விலை 34 லட்சம், கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். இதை மெருகேற்றிப் பளபளப்பாக்கியிருந்தால் மதிப்பு குறைந்திருக்கும் என்பதே தொழில் தெரிந்தவர்களின் கருத்து. அந்தத் துருவும் அந்தக் கடிதமும் சேர்ந்தே அத்தாட்சி.

ஆனால் இந்தப் பெரிய தொகைகளைப் பார்த்து யாரும் மயங்கக்கூடாது. ஆயிரத்தில் ஒரு காருக்கு நடப்பது செய்தியாகிறது. மீதிக் கார்களின் கணக்கு மேலே சொன்ன மாதிரிக் கணக்குதான்.

விற்கும் வழிகள்

முதலாவது நேரடி விளம்பரம். 1954 முதல் வெளிவரும் ஹெம்மிங்ஸ் பத்திரிகை இதற்குப் பெயர் பெற்றது. கமிஷன் இல்லை, ஆனால் காத்திருக்க வேண்டும். இரண்டாவது, வியாபாரியின் கடையில் வைத்து விற்பது. நமது கமிஷன் மண்டியேதான். சரக்கு உடையவருடையது, விற்றுக் கொடுப்பவருக்குக் கமிஷன். மூன்றாவது ஏலம். பாரெட்-ஜாக்சன் 1971-ல் தொடங்கியது, இப்போது அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் நடத்துகிறது. மெக்கம் 1988-ல் தொடங்கியது. இப்போது இணைய ஏலமும் பெருகிவிட்டது. அதில் நூற்றுக்கணக்கான படங்கள் போட வேண்டும், கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும்.

ஏலத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, அடிவிலை வைத்து விற்பதா, வைக்காமல் விற்பதா என்பது. அடிவிலை வைக்காவிட்டால் கூட்டம் கூடும், ஆனால் அன்று இரண்டு பேர் போட்டி போடாவிட்டால் கார் அடிமட்ட விலைக்குப் போய்விடும். இரண்டு, நடுவில் போகும் பணம். வாங்குபவரும் வழக்கமாக 10 சதவிகிதம் அளவில் கட்டணம் கட்டுகிறார். ஒரு லட்சத்துக்குக் கேட்ட காருக்கு வாங்கியவர் கொடுப்பது 1,10,000. விற்பவர் 8 சதவிகிதம் கொடுத்தால் அவருக்குக் கிடைப்பது 92,000. இடையில் 18,000. ஆகவே தொழில்காரர் ஏலத்துக்குப் போகுமுன் தன் உச்ச விலையைச் சீட்டில் எழுதிக்கொள்கிறார். 66,000 வரை கொடுக்கலாம் என்றால் 60,000-ல் கையை இறக்கிவிடுகிறார்.

நகல் என்றால் நகல் என்று எழுதுக

சாதாரணக் காரை உயர்ந்த ரகம்போல் மாற்றி விற்பது அங்கே குற்றமல்ல. 'குளோன்' என்றோ 'டிரிப்யூட்' என்றோ சொல்லி விற்கிறார்கள். அதை ஓட்டி மகிழ விரும்புவோர் ஏராளம். அசல் வாங்க வசதியில்லாதவருக்கு அது நல்ல சரக்கே. சொல்லாமல் அசல் என்று விற்றால்தான் மோசடி. அடையாள எண் தகட்டைக் கழற்றி மாற்றினால் மத்திய அரசுச் சட்டப்படியே குற்றம். பல மாநிலங்களில் ஒரு வருடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் விற்றால் வியாபாரி உரிமமும் எடுக்க வேண்டும்.

ஏலத்தில் பெரும்பாலும் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பனை. வாங்கியபின் திரும்பப் போய்க் கேட்க இடம் குறைவு. அதனாலேயே விற்பவரின் பெயருக்கு விலை உண்டு. "எஞ்சின் அந்த வருடத்தது, ஆனால் இந்தக் காருடையதல்ல, இடது பின்தகடு மாற்றப்பட்டது" என்று எழுதித் தருபவர் முதல் காரில் கொஞ்சம் குறைவாக வாங்குவார். பத்தாவது காரை அவர் சொல்லை நம்பியே, நேரில் பார்க்காமல் வாங்க ஆள் வரும். அத்தாட்சியே விலையாகும் தொழிலில் வியாபாரியின் வாக்கும் ஓர் அத்தாட்சி.

ஏற்றமும் இறக்கமும்

1980-களின் கடைசியில் இந்தக் கார்களின் விலை ஏறியது. 1990-களின் தொடக்கத்தில் இறங்கியது. 2000-க்குப் பின் மறுபடி வேகமாக ஏறியது. 2008-ன் பொருளாதார நெருக்கடியில் மறுபடி விழுந்தது. யாருக்கும் அத்தியாவசியமில்லாத சரக்கு இது. பணப்புழக்கம் குறைந்தால் முதலில் தேங்குவது இதுதான். சொந்தப் பணத்தில் வாங்கியவர் காத்திருந்தார். கடன் வாங்கி இருப்பு வைத்தவரை வட்டி விரட்டியது.

இன்னொன்றும் உண்டு. இளமையில் இந்தக் கார்களுக்கு ஏங்கியவர்கள் வசதி வந்தபின் வாங்கினார்கள். அந்தத் தலைமுறை இன்று எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்து வருபவர்களில் பலர் பழைய பாடிக்குள் புதிய எஞ்சின், ஏ.சி., நல்ல பிரேக் வைத்த கார்களைக் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் யார், அவர் வயது என்ன என்று பார்க்காமல் சரக்குப் பிடிப்பவர் எந்தத் தொழிலிலும் மாட்டிக்கொள்வார்.

நமக்குப் பயன்படுவது

1. லாபம் கொள்முதலில் இருக்கிறது. விற்கும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று அதிக விலைக்கு வாங்கக்கூடாது.

2. நாம் செய்த செலவு முழுவதும் விலையாகாது. கடை அலங்காரமானாலும் பாக்கிங் ஆனாலும், வாங்குபவர் எதற்குக் கொடுப்பார் என்று பார்த்துச் செலவிட வேண்டும்.

3. அடக்க விலையில் வாடகை, வட்டி, கமிஷன், போக்குவரத்து எல்லாம் சேர வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பார்க்கும் லாபம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

4. பில், ரசீது, கடிதம் எதையும் எறியக்கூடாது. பின்னாளில் எது அத்தாட்சியாகும் என்று இன்று தெரியாது.

5. இரண்டாம் தரத்தை இரண்டாம் தரம் என்று சொல்லி விற்கலாம். அதற்கும் வாங்குபவர் உண்டு. முதல் தரம் என்று சொல்லி ஒருமுறை விற்றால், பிறகு உண்மையான முதல் தரத்தையும் நம்மிடம் யாரும் முழு விலைக்கு வாங்க மாட்டார்.

மஸில் கார் நமது கடைக்கு வரப்போவதில்லை. ஆனால் சரக்கைவிட அதன் அத்தாட்சிக்கு விலை கொடுக்கும் வாடிக்கையாளர் நமது கடைக்கும் வந்துகொண்டுதான் இருக்கிறார். எந்த ஊர் மிளகு, எந்த மாத அறுவடை, எந்த ஆலை எண்ணெய் என்று அவர் கேட்கும்போது, பதிலைப் பில்லோடு காட்ட முடிகிற கடையில் பேரம் குறையும்.